கெட்டி ஆயில்

அந்தக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எங்கும் அது புழங்கவில்லை. கடையில் அவர் பிஸ்டன் சார். தெருவில் பிஸ்டன்காரர். சொந்தபந்தங்களுக்குள் வெறும் பிஸ்டன். யார் வைத்தார்களோ, வைத்த அன்றே ஒட்டிக்கொண்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வயது ஐம்பத்துநாலு. முப்பது வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே வேலை. டாக்டர் சீட்டில் எழுதிய பவருக்கு லென்ஸை எடுத்து, நடுப்புள்ளி குறித்து, அச்சு பார்த்து, ஃபிரேமுக்கு ஏற்றபடி ஓரம் தேய்த்து மாட்டிக் கொடுக்க வேண்டும். சீட்டில் தொண்ணூற்றைந்து டிகிரி என்றிருந்தால் தொண்ணூற்றைந்துதான். ஒரு டிகிரி நகர்ந்துவிட்டால் லென்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுப்பார். 'எனக்கென்னமோ தொண்ணூறே போதும்னு தோணுது' என்று சொந்தப் புத்தியைக் காட்டுகிற வழக்கமே அவரிடம் கிடையாது. கடை முதலாளியம்மா அவரைப் பற்றி யாரிடம் பேசினாலும் முதலில் இதைத்தான் சொல்வார்.

ஆனால் கார் என்று வந்துவிட்டால் யாருடைய சீட்டும் அவரிடம் செல்லாது. அங்கே அவரே டாக்டர், அவரே மருந்துக்கடை.

"மூணு சிலிண்டரா? நாற்காலியில ஒரு காலை உடைச்சுட்டு உட்காருங்கன்னா உட்காருவீங்களா?" இது ஆரம்பம் மட்டும். அப்புறம் டர்போ. "சின்ன எஞ்சினுக்கு டர்போ மாட்டறது, நோஞ்சானுக்குக் காபியா ஊத்திக் குடுத்து மூட்டை தூக்கச் சொல்ற மாதிரி. எத்தனை நாளைக்குத் தூக்குவான்?" சிக்னலில் நின்றால் தானாக அணைந்து, கிளம்பினால் தானாகப் பற்றிக்கொள்ளும் எஞ்சினைப் பற்றிக் கேட்டுவிட்டால் போச்சு. "தூங்கறவனை நிமிஷத்துக்கு ஒரு தடவை தட்டி எழுப்பினா உருப்படுவானா?" ஏசியைக் கூட்டுவதற்கு டிவி மாதிரி ஒரு திரையைத் தடவ வேண்டியிருப்பது, ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில் பஞ்சருக்கென்று ஒரு பசை டப்பாவை வைத்து விற்பது, எஞ்சினுக்குக் குரல் இல்லாமல் ஸ்பீக்கரில் உறுமல் போடுவது, எல்லாவற்றுக்கும் அவரிடம் வசவு தயாராக இருந்தது. எலெக்ட்ரிக் காரை மட்டும் திட்டமாட்டார். "அது நல்ல மிக்ஸி. அதைப் போய் நான் ஏன் குறை சொல்லணும்?" என்பார்.

புது மாடல் வந்தால் முதல் ஞாயிறே ஷோரூமில் ஆஜர். வாங்க இல்லை, திட்ட. விற்பனைக்கு நிற்கிறவர்கள் அவர் தலை தெரிந்ததும் ஃபோன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு நழுவிவிடுவார்கள். சொந்தக் கார் இருபத்தாறு வருஷத்துக் கிழம். நாலு சிலிண்டர், டர்போ இல்லை, திரை இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதைத் துடைக்கிற துணியை வேறு எதற்கும் தொடவிடமாட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்குக் காது அபாரம். வாசலில் நின்றபடியே தெருவில் போகிற வண்டிக்கு எந்த பேரிங் போய்விட்டது என்று சொல்வார், சொன்னது சரியாக இருக்கும். பத்துக்கு எட்டு தடவை அவர் சொன்னதுதான் நடந்தது. அதனால்தான் சித்தப்பா பெரியப்பா வீடுகளில் யார் வண்டி வாங்கினாலும் முதலில் அவருக்கு ஃபோன் வரும். மீதி இரண்டு தடவையை அவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, மற்றவர்களும் மரியாதைக்காக மறந்துவிட்டார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவரைக் கேட்காமல் கார் வாங்கிய ஒரே ஆள் அவருடைய மகள். வாங்கி, வாசலில் நிறுத்தி, அப்புறம்தான் அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் நேராகப் போய் பானெட்டைத் தூக்கினார். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ. எதையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தாரோ அதெல்லாம் ஒரே டப்பாவில்.

"அடிப்பாவி," என்றார்.

அதற்கப்புறம் அந்தக் காரில் ஏறும்போதெல்லாம் பிரசங்கம்தான். அங்கே அதிருது, இங்கே இழுக்குது, டர்போ ஒருநாள் தீப்பிடிக்கப் போகுது. மகள் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சட்டம் போட்டாள். "அப்பா, இந்த வண்டிக்குள்ள எஞ்சின் பேச்சு கிடையாது. பேசணும்னா இறங்கி நின்னு பேசுங்க." பின்சீட்டில் இருந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் கை சும்மா இருக்கவில்லையே!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகளுக்குக் கைக்குழந்தை. மாப்பிள்ளைக்கு மலைமேல் அணைக்கட்டு வேலை, மாதம் ஒருதடவைதான் இறங்குவார். சர்வீஸுக்கு விட நேரமில்லை என்று அவள் புலம்பியபோது, "நான் பார்த்துக்கறேன், நீ குழந்தையைப் பாரு," என்று சாவியை வாங்கிக்கொண்டார். அவளுக்கு அப்பாவை நினைத்து நெஞ்சு நிறைந்துபோயிற்று. அவர் வண்டியை நேராகத் தன் சிநேகிதரின் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஆயில் டப்பாவை மட்டும் தானே வாங்கிக் கொண்டுபோனார்.

பட்டறைக்காரர் எஞ்சினின் ஆயில் மூடியைத் திருகிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "சார், எந்த ஆயில்னு மூடியிலயே போட்டிருக்கான். நீங்க கொண்டுவந்தது வேற."

"அது தண்ணி மாதிரி ஆயில்யா. மைலேஜ் நல்லா வருதுன்னு காட்டறதுக்காக அதைப் போடச் சொல்றான். எஞ்சின் நிக்கணும்னா கெட்டி ஆயில்தான். என் வண்டி இருபத்தாறு வருஷமா எதுல ஓடுது?"

"அது வேற எஞ்சின் சார். இதுல உள்ள எப்படி இருக்குன்னு நான் இன்னும் பிரிச்சுப் பார்த்ததில்லை."

"இரும்பு எல்லாம் இரும்புதான்யா. ஊத்து."

சாயங்காலம் மகள் கேட்டாள். "புக்ல போட்டிருக்கற ஆயில்தானேப்பா ஊத்தினீங்க?"

"பின்னே?" என்றார்.

அவ்வளவுதான் பொய். ஒரே ஒரு வார்த்தை. அவர் அதைப் பொய் என்றே நினைக்கவில்லை. மருந்து என்று சொன்னால் குடிக்க மாட்டாள், பாலில் கலந்து கொடுத்துவிட்டேன் என்கிற மாதிரி ஒரு திருப்தி. இரண்டு வருஷத்தில் நாலு சர்வீஸ் ஆயிற்று, நாலு தடவையும் அதே கெட்டி ஆயில். எஞ்சின் முன்னைவிட அமைதியாக ஓடுவதாக மகளே ஒருநாள் சொன்னாள். அன்றைக்கு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு தடவை தெருவை வலம் வந்தார்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். மத்தியானம் மூன்று மணி. கடையில் ஒரே ஒரு டீச்சர் தன் கண்ணாடிக்காகக் காத்திருந்தார். பின்னறையில் பிஸ்டன் அந்தக் கண்ணாடியின் இடது லென்ஸை மெஷினில் மாட்டிவிட்டு, அது தேய்ந்து முடிகிற இரண்டு நிமிஷத்தில் ஃபோனை எடுத்தார். கார் பைத்தியங்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அதில் ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர் ஒருவர் வீடியோ போட்டிருந்தார். ஒரு எஞ்சினைப் பிரித்து உள்ளே டார்ச் அடித்துக் காட்டுகிறார்கள். பல் வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று, வெயிலில் கிடந்த பழைய செருப்பு மாதிரி வெடித்து, தொட்டால் தூளாக உதிர்கிறது.

எஞ்சினைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. மகள் வண்டியில் இருக்கிற அதே எஞ்சின். மகிழ்ச்சி தாங்கவில்லை. 'நான் தலையால் அடித்துக்கொண்டேனே, யாராவது கேட்டீர்களா? இதுதான் மூன்று சிலிண்டர் லட்சணம்!' என்று விறுவிறுவென்று தட்டி அனுப்பினார். ஏழெட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அப்புறம்தான் கப்பல்காரர் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தார்.

'எஞ்சினைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இந்த பெல்ட் எஞ்சினுக்குள்ளேயே ஆயிலில் நனைந்துகொண்டு ஓடுவது. அதற்கென்று சொன்ன ஆயில் மட்டும்தான் அதற்கு ஒத்துக்கொள்ளும். வேறு ஆயிலில் ஊறினால் உதிர ஆரம்பிக்கும். தூள் போய், பிரேக்குக்கு உதவுகிற வேக்குவம் பம்ப்பை அடைக்கும். முதலில் பிரேக் பெடல் இறுகும், பிறகு கல்லாகிவிடும். கடைசியில் எஞ்சினும் போகும். இந்த வண்டிக்காரர் யாரோ பெரிய மனிதர் பேச்சைக் கேட்டுக் கெட்டி ஆயில் ஊற்றியிருக்கிறார்.'

இன்னொரு தடவை படித்தார். மெஷின் நின்றது அவருக்குத் தெரியவில்லை.

முந்தாநாள் மகள் மலைமேலிருந்து ஃபோனில் சொன்னாளே! "பிரேக் காலையில கொஞ்சம் இறுக்கமா இருக்குப்பா." அவர் என்ன சொன்னார்? "மலைக் குளிருக்கு அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாயிடும்." சொல்லிவிட்டுக் குளிருக்கும் ரப்பருக்கும் உள்ள சம்பந்தத்தைப் பத்து நிமிஷம் விளக்கினார்.

புதன்கிழமை மகளும் அவர் மனைவியும் பேத்தியும் மாப்பிள்ளையைப் பார்க்க மலைக்குப் போயிருந்தார்கள். பேத்திக்கு மூன்று வயது. இன்று சாப்பிட்டுவிட்டு இறங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். முப்பத்திரண்டு வளைவு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வெறும் காற்று. ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்லை. இறங்கும்போது அது ஒன்றுக்குத்தான் வேலை.

மாப்பிள்ளைக்கு அடித்தார். பின்னால் கலவை மெஷின் இரைந்தது.

"மாமா, சொல்லுங்க."

"மாப்பிள்ளை, அவங்க கிளம்பிட்டாங்களா?"

"இப்பத்தான், இருபது நிமிஷம் இருக்கும். ஏன் மாமா?"

"ஒண்ணுமில்லை... பிரேக் எப்படி இருக்குன்னு..."

"என்ன மாமா, மறுபடியும் மூணு சிலிண்டரா?" மாப்பிள்ளை சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த யாரோவும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டார். என்ன மானம் வேண்டிக்கிடக்கிறது இந்த நேரத்தில்? ஆனால் அந்த நிமிஷத்தில் அவருக்கு அது வேண்டியிருந்தது.

மகள் ஓட்டும்போது ஃபோனைத் தொடமாட்டாள். மனைவிக்கு அடித்தார்.

"என்னங்க?"

"வண்டியை நிறுத்தச் சொல்லு. உடனே ஓரமா நிறுத்தச் சொல்லு."

"ஏன், என்ன ஆச்சு? யாருக்கு என்ன?" மனைவி பதறிப்போய் ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்லை." மகளை அவர் இன்றைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். "பாப்பா, அந்த எஞ்சின்ல ஒரு பெல்ட் இருக்கு. அது உதிருதாம். குரூப்ல வீடியோ வந்திருக்கு. உதிர்ந்தா பிரேக் பிடிக்காது. நீ நிறுத்திடு."

மகள் பெருமூச்சு விட்டாள்.

"அப்பா, அம்மாவுக்கு நெஞ்சே நின்னுபோச்சு. போன மாசம் டர்போ தீப்பிடிக்கும்னீங்க. அதுக்கு முன்னாடி சிக்னல்ல அணைஞ்சா திரும்பக் கிளம்பவே கிளம்பாதுன்னீங்க. சட்டம் ஞாபகம் இருக்கில்ல? கீழ இறங்கினதும் பேசுவோம்."

"இல்லடி, இது நிஜம்..."

"எப்பவுமே நிஜம்தான்னு சொல்வீங்க. இங்க நிறுத்த இடமும் இல்லைப்பா, பின்னால பஸ் வருது. வைம்மா ஃபோனை."

வைத்துவிட்டாள். அவர் மறுபடி அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி. மறுபடியும் அதே. வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு ஒற்றை டிக்கோடு நின்றது. அடேய், நாள் முழுக்க வேண்டாத குப்பையையெல்லாம் கொண்டுவந்து கொட்டுகிற ஃபோன், இப்போது மட்டும் இப்படிச் சதி செய்கிறதே!

டீச்சருக்கு நேரமாயிற்று என்று கேட்க முதலாளியம்மா பின்னறைக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல், மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரைப் பார்த்ததும் கேட்க வந்ததை விட்டுவிட்டார்.

"என்ன சார், முகமே சரியில்லையே? வீட்டுல ஏதாவதா?"

"பொண்ணு மலையிலேர்ந்து இறங்கிட்டு இருக்கா. வண்டியில பிரேக் போகப் போகுது. நிறுத்துன்னா கேக்க மாட்டேங்கறா."

"ஏன் கேக்க மாட்டா?"

"நான் சொன்னா நம்ப மாட்டா."

முதலாளியம்மா ஒளித்துப் பேசத் தெரியாதவர். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தினம் ஒரு வண்டியைக் கொன்னுட்டு இருக்கீங்க. நான் உங்க பொண்ணா இருந்தாலும் நிறுத்த மாட்டேன். நிஜமா பிரேக் போகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வண்டியைப் பற்றிச் சொன்னால் மகள் நம்பமாட்டாள். நாலு வருஷமாக அவரே அந்த வண்டியைத் திட்டித் திட்டி அந்த வாசலை அடைத்துவிட்டார். தன்னைப் பற்றிச் சொன்னால் நம்புவாள். அப்பா தப்பு செய்தேன் என்று சொல்லி அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. சொன்னால் மகள் கேட்பாள், பக்கத்தில் மனைவியும் கேட்பாள். அப்புறம் சித்தப்பா வீடு, பெரியப்பா வீடு, பட்டறை, எங்கே போய் எந்த வண்டியைப் பற்றி வாயைத் திறப்பது? இதையெல்லாம் யோசிக்க அவருக்கு எத்தனை நேரம் ஆயிற்றோ! யோசித்ததற்காக அப்புறம் தன்னையே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஒன்பதாவது தடவை அடித்தபோது அந்தப் பக்கம் மணி போயிற்று.

"என்னங்க, மறுபடியுமா? அவ கோவிச்சுக்கறா..."

"ஸ்பீக்கர்ல போடு. போட்டுட்டியா? பாப்பா, குறுக்கே பேசாம கேளு. அப்பா தப்பு பண்ணிட்டேன். உன் வண்டியில புக்ல போட்ட ஆயிலை நான் ஊத்தவே இல்லை. நாலு சர்வீஸும் வேற ஆயில். நானே வாங்கினது. பட்டறைக்காரர் வேண்டாம்னார், நான்தான் கேக்கலை. உன்கிட்டப் பொய் சொன்னேன். அந்த ஆயில்தான் பெல்ட்டைத் தின்னுட்டு இருக்கு. வண்டி மேல குத்தமில்லை. நான்தான் கெடுத்தேன்."

முதலாளியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

மறுமுனையிலிருந்து மகளின் குரல் வந்தது. அப்படி ஒரு குரலை அவர் அவளிடம் கேட்டதே இல்லை.

"அப்பா, பிரேக் கொஞ்ச நேரமாவே இறுகிட்டே வருது. என் கால்தான் அசந்துபோச்சுன்னு நினைச்சேன். இப்ப அழுத்தறேன்... இறங்கவே மாட்டேங்குது."

"பயப்படாதே. எந்த கியர்ல இருக்கே?"

"மூணு."

"ரெண்டுக்கு வா. எஞ்சின் கத்தும், கத்தட்டும். எஞ்சினை மட்டும் அணைச்சுடாதே. வந்துட்டியா? இப்ப பிரேக்கை விட்டு விட்டு அழுத்தாம ஒரே மூச்சா மிதி. இடது காலையும் தூக்கி அது மேலயே வெச்சு மிதி. முதுகை சீட்டுல நல்லா முட்டுக் குடுத்துக்கோ. மிதிச்சாப் பிடிக்கும், பலம்தான் வேணும்."

"பிடிக்குது... கொஞ்சம்தான் பிடிக்குது. முன்னால வளைவு வருதுப்பா."

"ஹேண்ட்பிரேக் பட்டன். அதை இழுத்துப் பிடி. பிடிச்சுக்கிட்டே இரு, விடாதே. விட்டா விட்டுடும்."

கைப்பிடி இல்லாமல் பட்டனாக வந்த ஹேண்ட்பிரேக்கை அவர் ஜன்னல் சுவிட்ச் என்றுதான் சொல்லுவார். ஓடும்போது அதை இழுத்துப் பிடித்தால் வண்டி தானே பார்த்து நிறுத்தும் என்று அந்த வண்டியின் புத்தகத்தில் இருக்கிறது. குறை கண்டுபிடிப்பதற்காகவே அந்தப் புத்தகத்தை வரி விடாமல் படித்தவர் அவர். ஆயில் பக்கத்தையும் படித்திருந்தார்.

"மண்மேடு பக்கமா ஒடி! பள்ளத்துப் பக்கம் போகாதே! பாறைப் பக்கம்..."

மனைவி "ஐயோ ஐயோ" என்பது கேட்டது. பேத்தி வீரிட்டது கேட்டது. ஏதோ உராய்கிற சத்தம். அதோடு லைன் அறுந்தது.

திரும்ப அடித்தார். எல்லைக்கு வெளியே. மகள் எண்ணுக்கு அடித்தார். அதுவும் அப்படியே. மாப்பிள்ளைக்கு அடித்து, இந்தத் தடவை எதையும் விழுங்காமல், "மாப்பிள்ளை, வண்டி பிரேக் போச்சு, நான்தான் காரணம், ஜீப்பை எடுத்துக்கிட்டு உடனே இறங்குங்க," என்றார். மாப்பிள்ளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. முதலாளியம்மா தோளைப் பிடித்து உட்கார வைத்தார். உட்கார்ந்தார், உடனே எழுந்தார். டீச்சர் கண்ணாடி இல்லாத கண்களைச் சுருக்கிக்கொண்டு வாசல்படியில் நின்று, "கடவுளே, கடவுளே," என்று யாருக்கென்றே தெரியாமல் வேண்டிக்கொண்டிருந்தார். குழுவில் இன்னும் கட்டைவிரல்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு தடவை ஃபோன் அதிரும்போதும் பாய்ந்து எடுத்துப் பார்ப்பார். 'சரியாகச் சொன்னீர்கள் அண்ணா' என்றிருக்கும். 'உங்களை மாதிரி அனுபவஸ்தர் சொன்னால் யார் கேட்கிறார்கள்' என்றிருக்கும். மனிதருக்கு ஃபோனைச் சுவரில் வீசி உடைக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த ஃபோனில்தானே அவள் கூப்பிட வேண்டும்! இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

பதினோரு நிமிஷம்.

தெரியாத எண் ஒன்று வந்தது. எடுத்தார்.

"அப்பா, நின்னுட்டோம்."

அவர் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதார். ஐம்பத்துநாலு வயது ஆள் கடையில், வாடிக்கையாளர் பார்க்க, அப்படி அழுதார். முதலாளியம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது.

மகள் விட்டு விட்டுச் சொன்னாள். வளைவுக்கு முன்னால் லாரிகள் பிரேக் சூடு தணிய நிறுத்துகிற அகலமான இடம் ஒன்று இருந்தது. அங்கே ஒதுங்கி, மண்மேட்டில் பக்கவாட்டாக உரசிக்கொண்டே போய் நின்றது. ஒரு பக்கம் கதவு ரெண்டும் நசுங்கிவிட்டது. பின் டயரில் புகை வந்தது. நின்றிருந்த லாரி டிரைவர் ஒருவர் ஓடிவந்து சக்கரத்துக்கு அடியில் கல்லைப் போட்டார். இது அவருடைய ஃபோன்தான், இங்கே அவருடையதற்கு மட்டும்தான் சிக்னல் கிடைக்கிறது. குழந்தைக்கு நெற்றியில் லேசான வீக்கம், வேறு ஒன்றுமில்லை. அம்மாவுக்கும் ஒன்றுமில்லை.

"மாப்பிள்ளை வந்துட்டு இருக்கார்மா. நானும் கிளம்பி வரேன்."

"சரி," என்றாள். "ஏன்பா?"

அவரிடம் இல்லாத விளக்கமா! தண்ணி ஆயிலுக்கும் கெட்டி ஆயிலுக்கும் உள்ள வித்தியாசத்தை அரை மணி நேரம் பேசக்கூடியவர். "தெரியலைம்மா," என்றார்.

"அம்மா பேசணுமாம்."

ஃபோன் கை மாறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். திட்டட்டும், என்ன வேண்டுமானாலும் திட்டட்டும் என்று காத்திருந்தார். முப்பது வருஷம் அவர் சொன்ன வண்டிக் கதையெல்லாம் கேட்டவள். கேட்கிறவளுக்குத்தான் திட்ட உரிமை.

ஆனால் மனைவியின் குரல் திட்டுகிற குரலாக இல்லை.

"என்னங்க, நாலாவது வளைவுலயே அவ கேட்டா. அம்மா, பிரேக் ஒரு மாதிரி இருக்கு, ஓரமா நிறுத்திடட்டுமான்னு. அங்க நல்ல இடம் இருந்தது, ஒரு கடைகூட இருந்தது." மூச்சு வாங்கினாள். "நான்தாங்க வேண்டாம்னேன். உங்கப்பா கையால பார்க்கற வண்டிடி, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்னு சொன்னேன். குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு நான்தான் சொன்னேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சரி, குழந்தைக்குத் தண்ணி குடுக்கணும். வெச்சுடறேன்," என்று அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.